நுரைக்குக் கொடுக்கும் விலை

மாதத் தொடக்கத்தில் எழுதப்படும் மளிகைப் பட்டியலில் அரிசி, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றின் விலை ரூபாய் ரூபாயாக அலசப்படுகிறது. துவரம் பருப்பு கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறினால் அது தெருவெங்கும் பேச்சாகிறது. அதே பட்டியலின் கடைசியில் வரும் குளியல் சோப்பு, சலவைத் தூள், பாத்திரம் துலக்கும் கட்டி, பினாயில், கழிப்பறைத் திரவம், கைகழுவும் திரவம், ஷாம்பு போன்றவையோ பெரும்பாலும் பழகிய பெயரைச் சொல்லி வாங்கப்படுகின்றன. அவற்றுள் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வி எழுவதில்லை. மேலைநாட்டுச் சிக்கனக் கையேடுகள் இந்த இடத்தில் கழிப்பறைக் காகிதத்தையும் சமையலறைக் காகிதத்தையும் குறைக்கும் வழிகளைப் பக்கம் பக்கமாக விளக்கும். வாளியும் குவளையும் பழந்துணியும் புழங்கும் தமிழ்நாட்டு வீடுகளுக்கு அந்த அறிவுரையால் பயன் குறைவு. இங்கே பணம் கரையும் வழி வேறு.

கடை அடுக்கில் புட்டிகளின் எண்ணிக்கை பெருகியிருக்கிறதே தவிர, அவற்றுக்குள் வேலை செய்யும் வேதிப்பொருள்களின் வகை அந்த அளவுக்குப் பெருகவில்லை. எண்ணெய்ப் பிசுக்கைப் பிரித்து நீரோடு போகச் செய்யும் பரப்புச் செயலி, கொழுப்பையும் கடின நீரையும் எதிர்கொள்ளும் காரம், உப்புக் கறையைக் கரைக்கும் அமிலம், நுண்ணுயிர்களைக் கொல்லும் கிருமிநாசினி என்ற நான்கு வகைகளுக்குள் வீட்டுத் தூய்மைப் பொருள்கள் ஏறத்தாழ அனைத்தும் அடங்கிவிடுகின்றன. எஞ்சியவை நீர், நிறம், மணம், எடை கூட்டும் நிரப்பி, புட்டி, விளம்பரச் செலவு. சமையல் மேடைக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, ஓடுகளுக்கு ஒன்று, குழாய்க்கு ஒன்று என வாங்கும் குடும்பம் பல வேளைகளில் ஒரே பொருளைப் பல மணங்களில் வாங்குகிறது. ஆகவே மலிவான பெயருக்கு மாறுவதைவிட, எந்த வேலைக்கு நான்கில் எது தேவை, எந்தச் செறிவில் தேவை, எத்தகைய நீரில் அது வேலை செய்யும் என்பவற்றை அறிவதே செலவை உண்மையாகக் குறைக்கிறது.

பரப்புச் செயலி என்பது ஒரு முனையால் நீரையும் மறுமுனையால் எண்ணெயையும் பற்றிக்கொள்ளும் மூலக்கூறு. சோப்பு இவ்வகையில் மிகப் பழையது; தாவர எண்ணெயோ விலங்குக் கொழுப்போ எரிசோடாவுடன் வினைபுரியும்போது உண்டாகும் கொழுப்பு அமிலத்தின் சோடிய உப்பே சோப்பு. பெட்ரோலிய மூலப்பொருளிலிருந்து செயற்கையாகப் பெறப்படும் பரப்புச் செயலிகள் பேச்சுவழக்கில் டிடர்ஜென்ட் எனப்படுகின்றன. சலவைத் தூள்களில் மிகுதியாகப் பயன்படும் செயலிக்கு மூலமான லீனியர் ஆல்கைல் பென்சீன் சென்னையை அடுத்த மணலியில் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் ஆலையில் உற்பத்தியாகிறது. அதே தூளின் மற்றொரு முதன்மைக் கூறான சோடா ஆஷ் என்னும் சோடியம் கார்பனேட்டுக்குத் தூத்துக்குடியில் ஆலை உண்டு. 1959இல் இந்துஸ்தான் லீவர் நிறுவனம் சர்ஃப் தூளை இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1969இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் பட்டேல் தொடங்கிய நிர்மா, அதன் விலையில் ஒரு சிறு பகுதிக்கே விற்று நடுத்தர வீடுகளைப் பிடித்துக்கொண்டது. மலிவாக வாங்குவது வேறு, நல்லதாக வாங்குவது வேறு என்று 1980களின் தொலைக்காட்சி விளம்பரத்தில் லலிதாஜி என்ற கற்பனைப் பாத்திரம் வாதிட்டது இந்தப் போட்டியின் விளைவே. அந்த வாதத்தில் இரு தரப்பும் பேசாமல் விட்ட ஒன்று உண்டு: துவைக்கும் நீர்.

கால்சியம், மெக்னீசியம் உப்புகள் மிகுந்த நீர் கடின நீர் எனப்படுகிறது. ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் தமிழ்நாட்டுக் குடியிருப்புகள் பலவற்றில் குழாயில் வருவது இதுவே. சோப்பு இத்தகைய நீரில் கரைந்ததும் அதன் கொழுப்பு அமிலம் கால்சியத்தோடு சேர்ந்து, நீரில் கரையாத வெள்ளைத் திரையாக மாறிவிடுகிறது. வாளியின் விளிம்பிலும் குளியலறைச் சுவரிலும் பிசுபிசுப்பாகப் படியும் படலம் அதுதான். நீரிலுள்ள கால்சியம் முழுதும் இவ்வாறு தீர்ந்த பிறகே அடுத்துக் கரையும் சோப்பு நுரை தந்து அழுக்கைப் பிடிக்கத் தொடங்குகிறது. இந்த இழப்பைக் கணக்கிட முடியும். வேதியியல் சமன்பாட்டின்படி, கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிடப்படும் கடினத்தன்மையில் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 6 கிராம் சோப்பை விழுங்குகிறது. லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை கொண்ட நீர் 20 லிட்டர் வாளியில் இருந்தால், அதில் உள்ள 6 கிராம் கடினத்தன்மை 35 கிராமுக்கும் மேற்பட்ட சோப்பைச் செயலிழக்கச் செய்துவிட்டுத்தான் வாளி முழுதும் நுரைக்க விடும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரவரைவு ஏற்கத்தக்க அளவாக லிட்டருக்கு 200 மில்லிகிராமையும், வேறு நீர் கிடைக்காத நிலையில் அனுமதிக்கத்தக்க உச்சமாக 600 மில்லிகிராமையும் வகுத்திருப்பதைக் கருதினால், 300 என்பது அரிதான நிலை அன்று என்பது விளங்கும்.

இதே 6 கிராம் கடினத்தன்மையை வீழ்படிவாக்கிப் பிரிக்க 6 முதல் 7 கிராம் வரை சோடா ஆஷ் போதும். சோப்பைவிடப் பன்மடங்கு மலிவான ஒரு பொருள் சோப்பு செய்ய வேண்டாத வேலையைத் தன்மேல் ஏற்றுக்கொள்கிறது. பாட்டிகள் காலத்தில் துணி வெளுக்கச் சலவை சோடா போட்டதன் வேதியியல் நியாயம் இதுவே. ஆப்பத்துக்குப் போடும் சோடா உப்பு இதுவன்று. அது சோடியம் பைகார்பனேட், காரத்தன்மை குறைந்தது, இந்த வேலைக்குப் போதாது. சலவை சோடாவை முதலில் நீரில் கரைத்துச் சிறிது நேரம் விட்டு, அதன் பிறகே சோப்பைச் சேர்க்க வேண்டும். பட்டுக்கும் கம்பளிக்கும் அது ஆகாது. வெறுங்கையால் நெடுநேரம் அளைந்தால் தோல் வறளும். சலவைத் தூள் வாங்குவோர் பொதுவாக இதைத் தனியாகச் சேர்க்கத் தேவையில்லை, ஏனெனில் தூளிலேயே அது கணிசமாக உள்ளது. சலவைக் கட்டியை நம்பியிருப்போருக்கும், தூளைக் கூட்டிக் கூட்டிப் போட்டும் நுரை வராத வீட்டினருக்குமே இது பெரும் மிச்சம்.

இதைவிட மலிவான மென்னீர் வானத்திலிருந்து வருகிறது. 2003இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அதன் நோக்கம் நிலத்தடி நீரைச் செறிவூட்டுவதாக இருந்தது. கூரையிலிருந்து இறங்கும் நீரின் ஒரு பகுதியைத் தொட்டியில் பிடித்துத் துவைக்கவும் தலைக்குக் குளிக்கவும் பயன்படுத்துவதால் கிடைக்கும் சோப்பு மிச்சம் அந்தப் பேச்சில் அதிகம் இடம்பெறவில்லை. மழைநீரில் கடினத்தன்மை ஏறத்தாழ இல்லை. முதல் மழையின் தூசு நீரை வெளியேற்றிவிட்டுப் பிடிக்கும் நீரில் வழக்கமான அளவு சோப்பைப் போட்டால் அலசி மாளாத அளவுக்கு நுரைக்கும் என்பதை ஐப்பசி, கார்த்திகையில் வாளி வைத்துப் பார்க்கும் எந்த வீடும் அறியும். தங்கள் நீரின் கடினத்தன்மையை எண்ணாக அறிய விரும்புவோர் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளலாம். ஒருமுறை தெரிந்துகொண்ட அந்த எண், எந்த விளம்பரத்தையும்விடக் கூடுதலாக உதவும். நீரைக் காய்ச்சினாலும் கடினத்தன்மையில் ஒரு பகுதி நீங்கும். ஆனால் எரிவாயு உருளை விற்கும் விலையில் அதைச் சிக்கனம் என்று சொல்ல இயலாது.

குளியல் சோப்பின் உறையில் உள்ள எழுத்துகளில் மணத்தின் பெயர் பெரிதாகவும், உண்மையில் பார்க்க வேண்டிய எண் சிறிதாகவும் இருக்கும். மொத்தக் கொழுப்புப் பொருள், அதாவது டி.எஃப்.எம். என்று குறிக்கப்படும் அந்தச் சதவீதம், கட்டியில் எவ்வளவு பங்கு உண்மையான சோப்பு என்பதைச் சொல்கிறது. இந்தியத் தரவரைவின்படி முதல் தரக் குளியல் சோப்பில் அது 76 சதவீதத்துக்கும், இரண்டாம் தரத்தில் 70 சதவீதத்துக்கும், மூன்றாம் தரத்தில் 60 சதவீதத்துக்கும் குறையக் கூடாது. பேத்திங் பார் என்ற பெயரில் விற்கப்படுவது வேறு வகை. அதற்குத் தனித் தரவரைவு உண்டு, குறைந்தபட்ச அளவு 40 சதவீதமே. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்க்கலாம்: 76 சதவீதம் கொண்ட 100 கிராம் கட்டி 40 ரூபாய்க்கும், 60 சதவீதம் கொண்ட 100 கிராம் கட்டி 33 ரூபாய்க்கும் விற்றால், கொழுப்புப் பொருளின் ஒரு கிராமுக்கு முன்னதில் சுமார் 53 காசும் பின்னதில் 55 காசும் ஆகின்றன, ஏழு ரூபாய் குறைவான கட்டி உண்மையில் சற்றே விலை கூடியது. இந்தக் கணக்கைப் பேத்திங் பாருக்கு அப்படியே பொருத்தக் கூடாது. அவற்றுள் சிலவற்றில் செயற்கைப் பரப்புச் செயலிகள் சேர்க்கப்படுகின்றன, கடின நீரில் அவை சோப்பைவிட நன்றாகவே வேலை செய்யக்கூடும். உறையில் எடையோடு 'பொதியும்போது' என்ற சொல் சேர்ந்திருப்பது சோப்பிலுள்ள ஈரம் நாளடைவில் ஆவியாவதால்தான். அந்த ஈரம் போன கட்டி மெல்லவே தேயும் என்பதால், வாங்கிய சோப்பை உறை நீக்கி அலமாரியில் சில வாரம் காயவிடும் பழைய வழக்கத்தில் பொருள் இருக்கிறது. நீர் தேங்கும் சோப்புப் பெட்டியில் ஊறிக் குழைந்து வீணாகும் சோப்போ எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை.

விலையை ஒப்பிடுவதற்குச் சட்டம் தரும் கருவி ஒன்று பெரும்பாலோர் கண்ணில் படுவதே இல்லை. பொதியப்பட்ட பொருள்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகள் 2021இல் திருத்தப்பட்டதன் பயனாக, அதிகபட்ச சில்லறை விலையோடு ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிலிட்டருக்கு என்ன விலை என்பதையும், கிலோவுக்கும் லிட்டருக்கும் மேற்பட்ட பொதிகளில் கிலோ அல்லது லிட்டர் விலையையும் அச்சிட வேண்டும். சோப்பு, சலவைத் தூள் போன்றவை குறிப்பிட்ட எடைகளில் மட்டுமே பொதியப்பட வேண்டும் என்ற பழைய கட்டுப்பாடு அதே திருத்தத்தில் நீக்கப்பட்டது. ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்ற விலை மாறாமல் இருக்க, உள்ளே இருக்கும் எடை மட்டும் ஓசையின்றிக் குறைய அது வழிவிட்டது. சோப்பின் முதன்மை மூலப்பொருளான பாமாயில் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. 2022 ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா ஏற்றுமதியைச் சில வாரம் தடைசெய்தபோது நேர்ந்ததைப் போன்ற அதிர்ச்சிகள் சிறு பொதிகளில் விலையாக அல்லாமல் எடையாகவே வெளிப்படுகின்றன. பத்து ரூபாய்க் கட்டியைப் பல ஆண்டுகளாகப் பத்து ரூபாய்க்கே வாங்குவதாக நினைப்பவர் அலகு விலையைப் பார்த்தால் உண்மை புலப்படும்.

பெரிய பொதி எப்போதும் மலிவு என்ற நம்பிக்கையை முதலில் உடைத்தது ஷாம்புதான். கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், புட்டி வாங்க இயலாதவரும் ஷாம்பு பயன்படுத்த வேண்டும் என்ற எண்ணத்தில் அதைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்றார். வெல்வெட் ஷாம்பு அக்குடும்பத்தின் பெயர் பெற்ற வெளியீடு. அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் தனியே தொடங்கிய சிக் ஷாம்பு, அந்தப் பாக்கெட்டைத் தென்னிந்தியச் சிற்றூர்களின் பெட்டிக்கடை வரை கொண்டுசென்றது. பன்னாட்டு நிறுவனங்கள் பின்தொடர்ந்தன. ஒரு ரூபாய் பாக்கெட்டில் போட்டி கடுமையாக இருப்பதாலும், புட்டி வாங்குவோர் கூடுதல் விலை கொடுக்கத் தயங்காதவர் என்று நிறுவனங்கள் கணிப்பதாலும், பல ஷாம்புகளில் மில்லிலிட்டர் விலை பாக்கெட்டில் குறைவாகவும் புட்டியில் கூடுதலாகவும் இருக்கிறது. வசதி குறைந்தவரே எப்போதும் கூடுதல் விலை தருகிறார் என்ற பொதுவிதிக்கு இந்தியச் சந்தை காட்டும் அபூர்வ விலக்கு இது. ஆனால் பாக்கெட்டின் பலஅடுக்குத் தாளை மறுசுழற்சி செய்வது கடினம். அதன் செலவை ஊராட்சியும் நகராட்சியும் ஏற்கின்றன. சலவைத் தூளில் நிலைமை இதுவன்று. அங்கே பொதுவாகப் பெரிய பொதிதான் மலிவு.

வரியும் கணக்கில் சேர வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் கட்டி வடிவக் குளியல் சோப்பு, ஷாம்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், பற்பசை, பல் துலக்கி ஆகியவற்றின் சரக்கு மற்றும் சேவை வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. கட்டியை விட்டுத் திரவத்துக்கு வந்தால், கைகழுவும் திரவத்தின் பெரும்பகுதி நீரே. சில கிராம் பொடியை வீட்டிலேயே 200 மில்லிலிட்டர் நீரில் கலந்து ஒரு புட்டித் திரவம் ஆக்கும் பொருள்கள் சந்தைக்கு வந்தபோதே இந்த உண்மை வெளிப்பட்டுவிட்டது. சாதாரண சோப்புக் கட்டியும் கையை அதே அளவு தூய்மையாக்கும். திரவம் வேண்டும் என்போர், ஒருமுறை அழுத்தினால் எவ்வளவு வெளிவருகிறது என்பதையாவது கவனிக்கலாம். தேவையைவிட மிகுதியாகவே வெளிவருகிறது.

தரைக்கும் கழிப்பறைக்கும் வரும்போது சிக்கனத்தோடு ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. இருசக்கர வண்டியில் கேன்களைக் கட்டிக்கொண்டு ஆசிட், பினாயில், சோப் ஆயில் என்று கூவி விற்போரிடம் கிடைப்பது மலிவானதுதான். ஆனால் செறிவு என்ன என்பது எந்தச் சீட்டிலும் இருக்காது. வெள்ளை பினாயில் என்பது பைன் எண்ணெயை நீரில் பால்போலக் கலக்கவைத்த கலவை. சிறிதளவு எண்ணெயே நீரை வெண்மையாக்கிவிடும் என்பதால் வெண்மை அதன் வலிமைக்குச் சான்று ஆகாது. கிருமி கொல்லும் வலிமையை அளக்க 1903இல் ரீடியல், வாக்கர் என்ற இரு ஆங்கிலேயர் வகுத்த முறைப்படி, கார்பாலிக் அமிலத்தோடு ஒப்பிட்டு ஒரு திரவம் எத்தனை மடங்கு வலியது என்று சொல்லும் ஆர்.டபிள்யூ.சி. எண் இன்றும் பயனில் உள்ளது. அந்த எண்ணும் தரக்குறியும் உள்ள பினாயிலை வாங்கி, குறிப்பிட்ட அளவு நீர்த்துப் பயன்படுத்துவது பெயர் தெரியாத கேனைவிடக் கடைசியில் மலிவாகவே முடியும். மணமுள்ள தரைத் திரவங்கள் பலவற்றில் கிருமிநாசினியாக இருப்பது பென்சால்கோனியம் குளோரைடு. நேர் மின்னேற்றம் கொண்ட இந்தப் பொருள், எதிர் மின்னேற்றம் கொண்ட சோப்போடும் சலவைத் தூளோடும் சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்துவிடும். ஆகவே துடைக்கும் வாளியில் இரண்டையும் ஒருங்கே ஊற்றுபவர் இருமடங்கு செலவழித்துப் பாதிப் பயனையும் இழக்கிறார்.

கிருமிநாசினிகளில் மலிவானதும் வலியதும் பிளீச்சிங் பவுடரே. நல்ல பொடியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு செயல்படும் குளோரின் உள்ளது. எனவே ஒரு லிட்டர் நீருக்கு 3 கிராம் கலந்தால் 0.1 சதவீதக் கரைசல் கிடைக்கும், கொரோனா காலத்தில் வீட்டுப் பரப்புகளுக்குப் பரிந்துரைக்கப்பட்ட செறிவும் அதுவே. முதலில் அழுக்கைக் கழுவிவிட்டுப் பின்பு இதைத் தெளித்துப் பத்து நிமிடமாவது விட வேண்டும், ஏனெனில் அழுக்கு இருந்தால் குளோரின் அதிலேயே தீர்ந்துபோகும். திறந்து வைத்த பொடி காற்றிலும் ஈரத்திலும் வலிமை இழப்பதால், பெரிய மூட்டை வாங்கி ஆண்டு முழுதும் வைத்திருப்பது சிக்கனம் ஆகாது. இதை எந்த அமிலத்தோடும் கலக்கக் கூடாது என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். கழிப்பறைத் திரவத்தில் ஏறத்தாழ பத்து சதவீதம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது; பளிச்சென்று ஆகட்டும் என்று அதன்மேல் பிளீச்சிங் பவுடரைத் தூவினால் குளோரின் நச்சுவாயு வெளிப்பட்டு, கதவடைத்த சிறு கழிப்பறையில் மூச்சுத்திணறலை உண்டாக்கும்.

அமிலத்தின் வேலை உப்புக் கறையைக் கரைப்பது மட்டுமே. மென்னீர் வரும் வீட்டில் அதற்குத் தேவை மிகக் குறைவு. தூரிகையும் சலவைத் தூளும் போதும். மொசைக், பளிங்கு, ஓடுகளுக்கிடையிலான சிமென்ட் ஆகியவற்றையும் அமிலம் அரிக்கும். கடையில் சில்லறையாக விற்கும் செறிந்த ஆசிட் பற்றிப் பேசும்போது, லட்சுமி என்பவர் தொடுத்த வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையை நினைவில் கொள்ள வேண்டும்: வாங்குபவரின் விவரங்களைப் பதிவேட்டில் குறித்து, அடையாளச் சான்றைப் பார்த்து, 18 வயது நிறைந்தவருக்கே விற்க வேண்டும். சட்டம் அப்படியிருக்க, வாசலில் கூவி விற்கப்படுவதை வாங்கி வீட்டில் வைப்பதில் மிச்சமாகும் சில ரூபாய்கள் எதற்கும் ஈடாகாது. குழாய், ஷவர் முனை போன்றவற்றில் படியும் வெள்ளை உப்புக்கு மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தை வெதுவெதுப்பான நீரில் கரைத்துச் சுற்றிக் கட்டிவைத்தால் போதும். பளபளப்பான குரோமியப் பூச்சும் கெடாது.

பழைய வீட்டு வழிகளில் எல்லாமும் பொய்யல்ல, எல்லாமும் மெய்யுமல்ல. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் உள்ளதால் அது எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்தது. எரிவாயு அடுப்பு வந்த பிறகு சாம்பலுக்கு எங்கே போவது என்பது வேறு. புளியின் டார்டாரிக் அமிலம் பித்தளையிலும் செம்பிலும் படிந்த களிம்பைக் கரைப்பதால், விளக்கு துலக்கத் தனிப் பொடி வாங்க வேண்டியதில்லை. சமையலில் பிழிந்த சக்கையே போதும். சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் உள்ள சபோனின் இயற்கைப் பரப்புச் செயலி, அரப்பும் அதைப் போன்றதே. ஆனால் சோடா உப்பையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டிப் பொங்க விடும் பரிந்துரை வீண். காரமும் அமிலமும் ஒன்றையொன்று நடுநிலையாக்கி, கரியமில வாயு போன பின் மிஞ்சுவது உப்புநீர் மட்டுமே. தனித்தனியே பயன்படுத்தினால் இரண்டுக்கும் பயன் உண்டு.

சலவையில் அளவு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நுரை மிகுந்தால் தூய்மை மிகும் என்ற எண்ணம் விளம்பரங்கள் வளர்த்தது. நுரைக்கும் துவைக்கும் ஆற்றலுக்கும் நேரடித் தொடர்பு இல்லை, மிகுந்த நுரையை அலசக் கூடுதலாக நீர் தேவைப்படுவதுதான் மிச்சம். வழக்கமாகப் போடும் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, துணியில் வேறுபாடு தெரியும் இடத்துக்கு ஒரு படி மேலே நிறுத்திக்கொள்வதே அந்தந்த வீட்டு நீருக்கு உரிய அளவு. அரைமணி நேரம் ஊறவைத்தால் அந்த அளவு மேலும் இறங்கும். பல தூள்களில் துணியை வெண்மையாகக் காட்டும் ஒளிர்பொருள் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருப்பதால், அதன்மேல் சொட்டு நீலம் போடுவது பெரும்பாலும் பழக்கத்தின் தொடர்ச்சி. துணி மென்மைக்கென விற்கும் திரவம் இழைகளின்மேல் படலமாகப் படிவதால் துவாலை நீரை உறிஞ்சும் திறனை இழக்கிறது. குளியல் துவாலைகளைப் பொறுத்தவரை அந்தப் புட்டியைப் பட்டியலிலிருந்து தயங்காமல் நீக்கிவிடலாம். மொட்டைமாடி வெயில் வெள்ளைத் துணியை வெளுக்கவும் செய்கிறது, கிருமியைக் குறைக்கவும் செய்கிறது. வண்ணத் துணிகளை மட்டும் உட்புறம் வெளியே வருமாறு திருப்பி நிழலில் உலர்த்த வேண்டும்.